இடம் கிடைக்காத எழுத்துக்கள்

தன் பெயரைத் தாய்மொழியில் பிழையின்றி எழுதத் தெரிந்த ஒருவரிடம், "உங்கள் பெயரை எழுத முடியாது" என்று ஒரு யந்திரம் சொல்லிவிட்டால் அவர் மனம் என்ன பாடுபடும்? நேயர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஏதோ ஒரு காரியாலயத்துக்கு அவர் போகிறார். குமாஸ்தா பெயரைக் கேட்டுக்கொண்டு கணினியின் விசைகளைத் தட்டுகிறார். முதல் எழுத்துத் திரையில் விழுகிறது. இரண்டாவது எழுத்து விழ மறுக்கிறது. மறுபடியும் தட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, தங்கள் பெயரிலுள்ள இந்த எழுத்துப் பட்டியலில் இல்லை. இதைப்போல் ஒலிக்கும் வேறோர் எழுத்தைப் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார் குமாஸ்தா. பள்ளிக்கூடத்தை எட்டிப் பாராத பாட்டிகூட அடுப்புக்கரியால் சுவரில் எழுதிவிடக்கூடிய எழுத்து அது!

இந்தக் காட்சி நாம் வரைந்துகொண்டதுதான். ஆனால் இத்தகைய சங்கடம் கொரியா தேசத்தில் மெய்யாகவே நேர்ந்தது. கற்பதற்கு மிக எளியது என்று அறிஞர்கள் புகழும் லிபியை உடைய தேசம் அது. அந்த லிபியின் எழுத்துக்கள் முழுவதும் கணினிக்குள் குடியேறுவதற்கு அத்தேசத்தார் பல ஆண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது. வழக்கு எப்படி முளைத்தது, எப்படித் தீர்ந்தது என்பதை அறிந்துகொள்வது, சொந்த மொழியில் அபிமானம் உள்ள எவருக்கும் பயனுள்ளதாகும்.

மன்னர் அளித்த கொடை

கொரியர் பேசும் மொழி வேறு. முற்காலத்தில் அவர்கள் எழுதிய எழுத்து வேறு. மொழி கொரிய மொழி. எழுத்தோ சீன எழுத்து. ஆயிரக்கணக்கான சித்திரங்களை மனத்தில் பதிய வைத்துக்கொண்டால்தான் சீன எழுத்தில் ஒருவன் புலமை பெறலாம். அதற்கு வேண்டிய ஓய்வும் பொருளும் பிரபுக்களுக்கு இருந்தன. ஏர் பிடிப்பவனுக்கும் தறி நெய்பவளுக்கும் ஏது? தனக்கு ஓர் அநீதி நேர்ந்தால் அதை எழுதி முறையிடக்கூட வகையில்லாமல் சாமானிய ஜனங்கள் ஊமைகளாக இருந்தார்கள்.

இந்த நிலையைக் கண்டு இரங்கியவர் சேஜோங் மன்னர். 1443-ஆம் ஆண்டில் புதிய எழுத்துக்கள் 28-ஐ அவர் வகுத்து முடித்தார். 1446-இல் அவற்றை நாட்டுக்கு வெளியிட்டார். எழுத்துக்களின் வடிவங்கள் மனம் போனபடி கிறுக்கியவை அல்ல. ககர எழுத்து, நாவின் அடி தொண்டையை அடைக்கும் தோற்றத்தைக் காட்டுகிறது. நகர எழுத்து, நாவின் நுனி மேலே தொடுவதைக் காட்டுகிறது. மகர எழுத்து, வாயின் வடிவம். உயிர் எழுத்துக்களோ மூன்றே குறிகளிலிருந்து பிறந்தவை: வானத்துக்கு ஒரு புள்ளி, பூமிக்குப் படுத்த கோடு, மனிதனுக்கு நின்ற கோடு. கூர்த்த மதியுள்ளவன் ஒரு காலைப்பொழுதிலும், மந்த மதியுள்ளவன் பத்து நாளிலும் இதைக் கற்றுவிடலாம் என்று அக்காலத்து விளக்க நூல் கூறுகிறது.

பண்டிதர்கள் இதை விரும்பவில்லை. அரசவையின் அறிஞர் மண்டபத்தில் உயர்ந்த பதவி வகித்த சோ மால்லி என்பவர், 1444-இல் வேறு சிலரையும் சேர்த்துக்கொண்டு ஓர் எதிர்ப்பு விண்ணப்பம் சமர்ப்பித்தார். தனி எழுத்து வைத்துக்கொண்டிருப்பவர்கள் மங்கோலியர், ஜப்பானியர் முதலிய அநாகரிகர்கள்தாம் என்றும், சீன எழுத்தைக் கைவிடுவது நாகரிகத்தையே கைவிடுவதாகும் என்றும் அவர் வாதாடினார். மன்னர் அவர்களை ஒரு நாள் சிறையில் வைத்து மறுநாள் விடுவித்தார். ஆயினும் பண்டிதர்களின் அலட்சியம் மாறுவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவரையில் அந்த எழுத்தைப் பெரும்பாலும் பெண்மணிகளும், கதை படிப்பவர்களும், எளியவர்களுமே காப்பாற்றி வந்தார்கள்.

அசை என்னும் வீடு

'ஹங்குல்' என்று இன்று வழங்கும் இந்த லிபியின் விந்தை, அதன் எழுத்துக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நில்லாமல், ஓர் அசைக்கு ஒரு சதுரமாகக் கூடி அமர்வதில் இருக்கிறது. தமிழர்களுக்கு இது விளங்குவது எளிது. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆவதை நாம் முதல் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். கொரியர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். அசையின் இறுதியில் வரும் மெய்யையும் அதே சதுரத்துக்குள் அழைத்துக்கொள்கிறார்கள்.

'ஹன்' என்ற அசையைப் பாருங்கள். இடப்புறம் ஹகரம், வலப்புறம் அகரம், இரண்டுக்கும் கீழே னகர ஒற்று. மூன்று பேர் வசிக்கும் சிறிய வீடு. 'குல்' என்ற அசையில் மூவரும் மாடிமேல் மாடியாக அமர்கிறார்கள்: மேலே ககரம், நடுவே உயிர், அடியில் லகர ஒற்று. அசை உயிரில் தொடங்கினால் முதல் இடம் காலியாக இருக்கக் கூடாதென்று, ஒலியில்லாத ஒரு வட்டத்தை அங்கே காவல் வைக்கிறார்கள்.

இன்றைய வழக்கில் முதலிடத்தில் வரத்தக்க மெய்கள் 19. நடுவே வரத்தக்க உயிர்கள் 21. இறுதியில் வரத்தக்க ஒற்றுக்களும் ஒற்றுக் கூட்டங்களும் 27. இறுதியில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாமாதலால், அதையும் ஒரு வகையாகக் கொண்டால் 28. இம்மூன்றையும் பெருக்கினால் 11,172. கொரியச் சிறுவன் 24 அடிப்படை எழுத்துக்களைக் கற்றுக்கொள்கிறான். 11,172 வீடுகளின் சாவியும் அவன் கைக்கு வந்துவிடுகிறது. இவற்றில் பல அசைகள் எந்தச் சொல்லிலும் வருவதில்லை. இருந்தாலும் நாளைக்கு ஒரு புதிய சொல்லோ, ஓர் அந்நியர் பெயரோ, ஒரு கிராமத்துக் கொச்சையோ வந்தால் அதை எழுதும் சக்தி அவனிடம் தயாராக இருக்கிறது.

பறிபோன பெயர்கள்

1910-இல் ஜப்பான் கொரியாவை விழுங்கிற்று. 1938-க்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் கொரிய மொழிப் பாடம் படிப்படியாக நெருக்கி ஒழிக்கப்பட்டது. 1940-இல் ஜனங்களின் குடும்பப் பெயர்களையே ஜப்பானிய முறைக்கு மாற்றும் திட்டம் வந்தது. அதே ஆண்டில் முக்கியமான கொரிய மொழிப் பத்திரிகைகள் மூடப்பட்டன. சேஜோங் மன்னர் காலத்து விளக்க நூலின் மூலப் பிரதி ஒன்றும் அதே 1940-இல்தான் ஆன்டோங் என்ற ஊர்ப்பக்கத்தில் வெளிப்பட்டது. ஜோன் ஹியோங்-பில் என்ற செல்வர் அதைப் பெரும் பொருள் கொடுத்து வாங்கி, விடுதலை வரும்வரை ஒருவருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்தார்.

கொரிய மொழிக் கழகத்தார் அப்போது ஓர் அகராதி தொகுத்துக்கொண்டிருந்தார்கள். 1942-இல் போலீஸார் அவர்களைக் கைது செய்யத் தொடங்கினர். கையெழுத்துப் பிரதியையும் பறித்துக்கொண்டு போயினர். யி யுன்-ஜே, ஹான் ஜிங் என்ற இரு அறிஞர்கள் சிறையிலேயே உயிர் துறந்தார்கள். 1945 ஆகஸ்டு 15-ஆம் தேதி விடுதலை வந்தது. அடுத்த மாதமே சியோல் ரயில் நிலையக் கிடங்கில் அந்தக் கையெழுத்துப் பிரதி கிடைத்தது. அதன் அடிப்படையில் அமைந்த பேரகராதி 1947 முதல் 1957 வரை ஆறு பாகங்களாக வெளிவந்தது.

ஓர் எழுத்துக்காக உயிரைக் கொடுத்தவர்களின் தேசம் இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், பிற்காலத்தில் கணினி விஷயத்தில் அவர்கள் ஏன் அவ்வளவு ஆத்திரம் கொண்டார்கள் என்பது விளங்கும்.

கொடியில் உலர்த்திய துணிகள்

யந்திரத்துக்கும் ஹங்குலுக்கும் பிணக்கு, கணினிக்கு முன்பே தொடங்கியது. தட்டெழுத்து யந்திரம் எழுத்துக்களை ஒரே வரிசையில் அடிக்கும். வீடு கட்டத் தெரியாது. ஹங்குல் என்ற பெயரைப் பரப்பிய ஜூ சி-கியோங் போன்ற அறிஞர்களே, ஐரோப்பிய எழுத்துக்களைப் போல் சதுரத்தைப் பிரித்து வரிசையாக எழுதிவிடலாம் என்று யோசனை சொன்னார்கள். ஜனங்களின் கண் அதற்கு இசையவில்லை.

1949-இல் கோங் பியோங்-ஊ என்ற கண் வைத்தியர் வேறொரு வழி கண்டார். முதல் மெய்க்கு ஒரு தொகுதி, உயிருக்கு ஒரு தொகுதி, இறுதி ஒற்றுக்கு ஒரு தொகுதி என்று மூவகை விசைகள் வைத்துத் தட்டெழுத்து யந்திரம் அமைத்தார். வேகமாக அடிக்க முடிந்தது. ஆனால் அசைகளின் தலை மட்டும் சமமாக நிற்க, இறுதி ஒற்று உள்ளவை மாத்திரம் கீழே நீண்டு தொங்கின. கொடியில் உலர்த்திய துணிகளைப் போல் இருக்கிறது என்று ஜனங்கள் அந்த எழுத்துக்குப் பெயர் வைத்தார்கள்!

பிறகு கணினி வந்தது. விசையைத் தட்டத் தட்ட, திரையிலேயே வீடு கட்டும் வித்தை அதற்குத் தெரியும். இன்று பெருவழக்கிலுள்ள விசைப்பலகையில் இடக்கைக்கு மெய்கள், வலக்கைக்கு உயிர்கள். ஹ, அ, ன் என்று தட்டினால் 'ஹன்' என்று சதுரம் முடிந்துவிடும். அடுத்து மீண்டும் அகரத்தைத் தட்டினால், கீழே உட்கார்ந்திருந்த னகரம் துள்ளிக் குதித்து அடுத்த வீட்டுக்குப் போய் 'ஹனா' என்று ஆகிவிடும். இந்தத் துள்ளலுக்குக் கொரியர் வைத்த பெயர், நம் ஊரில் 'கொள்ளிவாய்ப் பிசாசு' என்கிறோமே, அதேதான்!

இருபத்தைந்து வரிசைகள்

கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டால்தான், ஓரிடத்தில் எழுதியதை வேறிடத்தில் படிக்கலாம். கொரியாவில் எழுந்த கேள்வி இதுதான்: எண் கொடுக்க வேண்டியது 'ஹன்' என்ற முழு வீட்டுக்கா, அல்லது அதில் வசிக்கும் மூன்று எழுத்துக்களுக்குத் தனித்தனியாகவா?

இரண்டு கட்சிகள் தோன்றின. ஒன்றைச் 'சேர்ப்பு முறை' என்றும், மற்றொன்றை 'முடிப்பு முறை' என்றும் சொல்லலாம்.

சேர்ப்பு முறையினர் சொன்னது மிகவும் அழகானது. கணினி எண்களை 'பிட்' என்னும் சிறு இடங்களில் வைக்கிறது. ஐந்து பிட்டுகளில் 32 வேறுபாடுகளைக் குறிக்கலாம். முதல் மெய் 19, உயிர் 21, இறுதி 28. எல்லாம் 32-க்குள் அடக்கம். ஆகவே மும்மூன்று ஐந்தாகப் பதினைந்து பிட்டுகள், 'இது கொரிய எழுத்து' என்று காட்ட இன்னும் ஒன்று, ஆகப் பதினாறு. 11,172 அசைகளும் இரண்டே பைட்டுகளில் அடங்கிவிட்டன. மன்னர் வகுத்த முறையே கணினியிலும்!

ஆனால் இதில் ஓர் இடையூறு இருந்தது. அக்காலத்துச் செய்திப் போக்குவரத்துக்கென்று சர்வதேச விதி ஒன்று உண்டு. அதன்படி ஒவ்வொரு பைட்டிலும் எழுத்துக்கென்று ஒதுக்கிய இடங்கள் 94 மட்டுமே. சேர்ப்பு முறை அந்த எல்லையை மீறி, ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடங்களிலும் கால் வைத்தது. வெளிநாட்டு யந்திரங்கள் குழம்பிவிடும் என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

ஆகவே 1987-இல் தென்கொரிய சர்க்காரின் தேசீய தரமாக முடிப்பு முறையே வந்தது. 94 வரிசைகளும், வரிசைக்கு 94 அறைகளும் கொண்ட அட்டவணை ஒன்று. அதில் ஹங்குலுக்கு ஒதுக்கிய வரிசைகள் 25. இருபத்தைந்தை 94-ஆல் பெருக்கினால் 2,350. வழக்கில் அதிகம் வருவன என்று பொறுக்கியெடுத்த 2,350 அசைகளுக்கு அறை கொடுத்தார்கள். மற்ற 8,822 அசைகளுக்கு வாசல் அடைபட்டது. சீன எழுத்துக்களுக்கு ஒதுக்கிய வரிசைகளோ 52. அதாவது 4,888 அறைகள். சொந்த எழுத்துக்குக் கிடைத்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்! சோ மால்லியின் ஆவி இதைக் கண்டிருந்தால் ஒரு புன்னகை பூத்திருக்கும்.

விட்டுப்போனவை யாருக்கும் வேண்டாதவை என்று சொல்ல முடியவில்லை. அக்காலத்தில் புகழ்பெற்ற ஒரு தொலைக்காட்சி நாடகத்தின் தலைப்பில் முதல் அசை 'த்தோம்'. அதற்கு அட்டவணையில் இடமில்லை. வேடிக்கைக்காரர்கள் சிலர், ஜீப்பில் ஏறி வந்த பெப்சி மனிதனையும், குட்டைக்காலுள்ள த்தோம்பாங் பிரபுவையும் பற்றி ஒரு வாக்கியம் கட்டினார்கள். பொருளில் ஒன்றுமில்லை, ஆனால் அட்டவணையில் இல்லாத அசைகள் நான்கு அதில் வேண்டுமென்றே பொதிந்திருந்தன. எந்தக் கணினியையும் சோதிக்க அந்த ஒரு வாக்கியம் போதும். நான்கு இடத்தில் ஓட்டை விழுந்தால் அது முடிப்பு முறை என்று அறியலாம். வேடிக்கை ஒருபுறமிருக்க, பெயரில் அபூர்வமான அசை உள்ளவர்களுக்கு அந்த ஓட்டை தம் பெயரிலேயே விழுந்தது. அந்நிய ஆட்சி பறிக்க முயன்ற பெயரைச் சொந்த நாட்டு அட்டவணை ஊனப்படுத்திற்று.

ஆகஸ்டு 15-இன் பெயரால்

தேசீய தரம் ஒரு பக்கம் இருக்க, ஜனங்கள் வேறு பக்கம் சென்றார்கள். 1989-இல் லீ சான்-ஜின் என்ற இளைஞரும் அவருடைய நண்பர்களும் எழுத்து வேலைக்கென்று ஒரு மென்பொருள் செய்தார்கள். சேர்ப்பு முறையைத் தழுவியதால், அதில் 11,172 அசைகளையும் எழுத முடிந்தது. வழக்கொழிந்த பழைய எழுத்துக்களையும் எழுத முடிந்தது. அதன் பெயரிலேயே ஒரு பழைய எழுத்து உண்டு. ஹங்குல் என்ற சொல்லின் முதல் அசையை, மன்னர் காலத்துப் புள்ளி உயிரால் எழுதிப் பெயராக வைத்தார்கள். சர்க்காரின் அட்டவணையால் அந்தப் பெயரைக்கூட எழுத முடியாது!

1992-இல் சேர்ப்பு முறையையும் தேசீய தரத்தின் அநுபந்தமாகச் சேர்த்துக்கொண்டார்கள். 1995-இல் வெளிவந்த விண்டோஸின் கொரியப் பதிப்பில், விட்டுப்போன 8,822 அசைகளும் ஒட்டுத் திண்ணையாகச் சேர்ந்தன. ஆனால் காலியாக இருந்த மூலைகளில் அவற்றைச் செருகியதால், அகராதி வரிசை குலைந்தது. அடுத்தடுத்து நிற்க வேண்டிய அசைகள் ஒன்று வீட்டுக்குள்ளும் ஒன்று திண்ணையிலுமாகப் பிரிந்து நின்றன.

1998-இல் தேசத்தைப் பொருளாதார நெருக்கடி வாட்டியபோது, மேற்படி கொரிய மென்பொருளை நடத்திவந்த கம்பெனி, மைக்ரோசாப்ட் முதலீட்டைப் பெற்றுக்கொண்டு அதைக் கைவிட்டுவிட இசைந்தது. செய்தி வெளியானதும் நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. ஜனங்கள் பணம் திரட்ட முன்வந்தார்கள். உடன்பாடு முறிந்தது. அவ்வாண்டு விடுதலைத் திருநாளின் பெயரால் 'ஹங்குல் 815' என்ற பதிப்பைப் பதினாயிரம் வோனுக்கு விற்றார்கள். எட்டாம் மாதம், பதினைந்தாம் தேதி! அந்தத் தேதியின் இனிமை பாரத மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு பெருக்கல் கணக்கு

இதற்கிடையில் உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக 'யூனிகோட்' என்ற எண் முறை எழுந்தது. 1991-இல் வந்த அதன் முதற்பதிப்பில் ஹங்குலுக்குக் கிடைத்தவை அதே 2,350 இடங்கள். 1993-இல் மேலும் சேர்த்து 6,656 ஆக்கினார்கள். அப்போதும் 4,516 அசைகள் வெளியே நின்றன. உள்ளே வந்தவையும் மூன்று கூட்டங்களாக வரிசை தப்பி நின்றன. கொரியர் விடவில்லை. 11,172-உம் வேண்டும், ஒரே வரிசையில் வேண்டும் என்று வற்புறுத்தினார்கள்.

1996-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அது நிறைவேறியது. பழைய இடத்தை அடியோடு காலி செய்துவிட்டு, 44,032 முதல் 55,203 வரையில் புதிய மனையில் அத்தனை அசைகளையும் தென்கொரிய அகராதி வரிசைப்படி குடியேற்றினார்கள். பழைய எண்களில் எழுதிய கோப்புக்கள் செல்லாதவை ஆயின. 'கொரியக் குழப்பம்' என்று கணினி நிபுணர்கள் இதைக் குறிப்பிடுவதுண்டு. ஓர் எழுத்துக்கு ஒருமுறை கொடுத்த எண்ணை இனி எக்காலத்திலும் மாற்றுவதில்லை என்ற உறுதி அதன்பின் ஏற்பட்டது. அந்த உறுதியின் பயனை இன்று எல்லா மொழியினரும் அநுபவிக்கிறார்கள். கொரியர் காலி செய்த பழைய மனையில் 1999-இல் குடிவந்தவை எவை என்கிறீர்கள்? சீன எழுத்துக்கள்தாம்!

புதிய மனையின் அமைப்பில் ஓர் அற்புதம் உண்டு. பட்டியலைப் புரட்டாமலே எந்த அசையின் எண்ணையும் கணக்கிட்டுவிடலாம். முதல் மெய்கள், உயிர்கள், இறுதி ஒற்றுக்கள் ஆகியவற்றைச் சைபரிலிருந்து எண்ண வேண்டும். இறுதியில் ஒற்று இல்லாமைக்குச் சைபர். மெய்யின் எண்ணை 21-ஆல் பெருக்கி, உயிரின் எண்ணைக் கூட்டி, வந்ததை 28-ஆல் பெருக்கி, ஒற்றின் எண்ணைக் கூட்டி, 44,032-ஐச் சேர்த்தால் முடிந்தது.

'ஹன்' என்பதையே எடுத்துக்கொள்வோம். ஹகரத்தின் எண் 18. அகரத்தின் எண் 0. னகர ஒற்றின் எண் 4. பதினெட்டை 21-ஆல் பெருக்க 378. அகரம் சைபராதலால் அதே 378. அதை 28-ஆல் பெருக்க 10,584. நாலைக் கூட்ட 10,588. அதோடு 44,032-ஐச் சேர்க்க 54,620. இதுதான் 'ஹன்' குடியிருக்கும் வீட்டு எண். தலைகீழாகக் கழித்து வகுத்தால், ஈவிலும் மீதியிலும் அதே மூன்று எழுத்துக்கள் திரும்பி வந்து நிற்கும். முழு வீட்டுக்கு ஓர் எண் என்ற முடிப்பு முறையும், உள்ளே இருப்பவரை மறவாத சேர்ப்பு முறையும் இந்த ஒரு கணக்கில் சமாதானம் ஆயின.

ஒரே பெயர், இரண்டு எழுத்துமுறை

ஆயினும் பழைய வழக்கின் எச்சம் ஒன்று இன்னும் இருக்கிறது. தனி எழுத்துக்களுக்கும் யூனிகோடில் தனி எண்கள் உண்டு. ஆகவே 'ஹன்' என்பதை 54,620 என்ற ஓர் எண்ணாகவும் எழுதலாம். 4,370, 4,449, 4,523 என்று மூன்று எண்களாகவும் எழுதலாம். இன்று பெருவழக்கிலுள்ள சேமிப்பு முறையில் முதலாவதற்கு மூன்று பைட்டுகள், இரண்டாவதற்கு ஒன்பது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு.

மாக் கணினியில் பெயரிட்டு அனுப்பிய கோப்பு விண்டோஸ் கணினிக்குப் போய்ச் சேரும்போது, பெயரிலுள்ள வீடுகள் எல்லாம் இடிந்து, எழுத்துக்கள் வரிசையாகச் சிதறிக் கிடப்பதைக் கொரியர் பலர் கண்டிருக்கிறார்கள். தேடினால், எதிரிலேயே இருக்கும் பெயர் 'இல்லை' என்று விடை வரும். இரண்டையும் ஒப்பிடுமுன் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற விதி இருக்கிறது. மென்பொருள் செய்பவர்கள் விதியை மறக்கும்போதுதான் தொல்லை.

அப்படியானால் தனி எழுத்து எண்களை ஒழித்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. மன்னர் வகுத்த 28 எழுத்துக்களில் நான்கு வழக்கொழிந்தன. அவை வரும் அசைகளுக்கு 11,172-இல் இடமில்லை. மன்னர் தம் எழுத்தை வெளியிட்ட அந்த நூலையே இன்றைய அசைப் பட்டியலால் முழுவதும் எழுத முடியாது! தனி எழுத்துக்களைச் சேர்த்துத்தான் எழுத வேண்டும். 2009-இல் பழைய எழுத்துக் கூட்டங்கள் பலவற்றுக்கு யூனிகோடில் இடம் தந்த பிறகே அது செவ்வனே இயன்றது. ஜேஜூ தீவினரின் பேச்சில் பழைய புள்ளி உயிரின் ஒலி இன்னும் தங்கியிருக்கிறது. அழியும் அபாயத்திலுள்ள மொழி என்று 2010-இல் யுனெஸ்கோ குறித்த பேச்சு அது. அத்தீவின் முதியவர்கள் சொல்லும் கதையை எழுதி வைக்க வேண்டுமானால் அந்தப் புள்ளி வேண்டும்.

நமக்கும் உண்டு

இவ்வளவு படித்த பின்பு, "நம் தமிழ் எப்படி?" என்று நேயர்கள் கேட்பது இயல்பே. யூனிகோடில் தமிழுக்குக் கிடைத்தவை உயிர்களும், அகரமேறிய மெய்களும், கொம்பு, கால் முதலிய குறிகளும்தான். க் என்ற மெய்யோடு அகரம் கூடிக் க ஆகிறது என்பது நம் இலக்கணம். கணினியிலோ க என்பதன்மேல் புள்ளி வைத்தால்தான் க் பிறக்கிறது! கொரியர் 11,172 அசைகளுக்கு இடம் பெற்றிருக்கும்போது, நம் 247 எழுத்துக்களுக்குத் தனித்தனி எண் ஏன் கூடாது என்று தமிழ் அறிஞர்கள் பலர் வாதாடினார்கள். 2010-இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடை ஏற்றதோடு, எழுத்துக்கு ஓர் எண் தரும் 'டேஸ் 16' என்ற முறையையும் தரமாக அறிவித்தது. எது சிறந்தது என்று தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. கொரியர் கதை காட்டும் பாடம் வேறு. எண் எவ்வாறாயினும், எழுதப்படாமல் ஒருவன் பெயரும் வெளியே நிற்கக் கூடாது என்பதே அது.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 9-ஆம் தேதியன்று தென்கொரியர் தங்கள் எழுத்துக்குத் திருநாள் கொண்டாடுகிறார்கள். படை வென்ற நாளுக்கும் அரசு அமைந்த நாளுக்கும் பல தேசங்கள் விழா எடுக்கின்றன. எழுத்து வெளியான நாளுக்கு விழா எடுக்கும் தேசங்கள் சிலவே. ஏழைக் குடியானவன் தன் குறையை எழுதி முறையிட வேண்டுமென்று மன்னர் விரும்பினார். பண்டிதர் தடுத்தனர், அந்நியர் தடுத்தனர், பிறகு இருபத்தைந்து வரிசை கொண்ட ஓர் அட்டவணை, ஒருவர்மீதும் பகையில்லாமலே தடுத்தது. பகையில்லாத தடையை எதிர்ப்பதுதான் கடினம். அதையும் அந்த ஜனங்கள் எதிர்த்து நின்று நீக்கிவிட்டார்கள்.

காரியாலயத்தில் நாம் விட்டுவந்த மனிதரிடம் திரும்பிச் செல்வோம். இன்று அவர் பெயரைக் குமாஸ்தா தட்டுகிறார். முதல் எழுத்து விழுகிறது, இரண்டாவதும் விழுகிறது. திரையைத் திருப்பிக் காட்டி, "சரிதானே, ஐயா?" என்று கேட்கிறார். "சரிதான்" என்கிறார் அவர்.